கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்

விடிவதற்குச் சற்று முன்னால் டீச்சருக்கு ஒரு கனவு வந்தது. வகுப்பில் நின்று வாயைத் திறக்கிறாள். பேச்சு வரவில்லை, சாக்பீஸ் தூள் வருகிறது. வெள்ளையாக, மெதுவாக, பெஞ்சுகளின் மேலும் பிள்ளைகளின் தலை மேலும் இறங்கிப் படிகிறது. பிள்ளைகள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை குடையை விரித்துப் பிடித்தபடி, "ம், மேலே நடத்துங்க" என்கிறார்.

விழித்தபோது தொண்டை வறண்டிருந்தது. வெளியே ராத்திரி பெய்த மழையின் மிச்சம் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

வேலையை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க இன்றைக்குத்தான் தலைமையாசிரியை அவள் வகுப்பில் வந்து உட்காரப்போகிறார். படித்து முடித்துப் பல வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, தலையில் முதல் நரை வந்த பிறகு வேலைக்குப் போனவள் நம் டீச்சர். அதை மறக்காமல் நினைவு வைத்திருக்கும் வாசகர்களுக்கு என் வந்தனம். இந்த வாரம்தான் இந்தத் தொடர்கதைக்குள் நுழைகிறவர்களுக்கு வீட்டில் இருக்கிற மற்ற இரண்டு பேரையும் காட்டிவிடுகிறேன். மூன்றே பேர்தான், தலைசுற்றாது.

அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. சுவரில் பெரிய எழுத்திலிருந்து பொடி எழுத்துவரை இறங்கும் பலகை, எதிரே ஓர் உயரமான நாற்காலி, பக்கத்தில் வில்லைகள் அடுக்கிய மரப்பெட்டி. வந்தவர் கண்ணில் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்பார். நல்ல மனிதர். தங்கை என்றால் உயிர்.

அந்தத் தங்கைக்குச் சின்ன வயதில் வாய் ஓயாது. அதனால் அண்ணன் வைத்த பெயர் ரேடியோ. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். புருஷனோடு ஏதோ சின்னச் சண்டை. கோபம் ஆறும்வரை நாலு நாள் இருந்துவிட்டுப் போவாள். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், போன வாரம் படித்த உங்களுக்கும் தெரியும்.

நாளைக்குக் கடை விடுமுறை. காலை பஸ்ஸில் தங்கையை அழைத்துக்கொண்டு போய் அவள் வீட்டில் விட்டுவிட்டு, மாப்பிள்ளையிடம் நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வருவதாக அண்ணன் முடிவு செய்திருந்தார். மாப்பிள்ளையோடு போனிலும் பேசியாகிவிட்டது. பெட்டி கட்டி வாசல் பக்கம் வைத்தாகிவிட்டது.

டீச்சருக்குத்தான் மனசு கேட்கவில்லை. வந்த நாளிலிருந்து ரேடியோ பேசவில்லை. கழுவின டம்ளரையே மறுபடி எடுத்துக் கழுவுகிறாள். கூப்பிட்டால் தூரத்திலிருந்து நடந்து வருகிறவள் மாதிரி சற்று நேரம் கழித்துத் திரும்பிப் பார்க்கிறாள். என்ன நடந்தது என்று தெரியாமலே இவளைக் கொண்டுபோய் விட்டுவிடப் போகிறோமே என்ற பயம் டீச்சரின் நெஞ்சில் ஒரு வாரமாக உட்கார்ந்திருந்தது.

அன்று காலை அடுப்படியில் ரேடியோ டீ போட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக வந்த ஈர வெளிச்சத்தில் ஆவி சுருண்டு சுருண்டு போயிற்று. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ராத்திரி தூங்கினியா? தூங்கியிருப்ப, மழைச் சத்தம் தாலாட்டு மாதிரி இருந்துச்சே" என்றாள் டீச்சர்.

"ம்" என்றாள் ரேடியோ.

"நாளைக்குக் கிளம்ப மனசு இருக்கா? இருக்கும், என்ன இருந்தாலும் உன் வீடாச்சே."

"ம்."

கடைப்பக்கமிருந்து அண்ணன் எட்டிப் பார்த்து, எல்லாம் பேசியாச்சு, மாப்பிள்ளை பழசை மனசில் வைக்கிற ஆள் இல்லை, போனதும் எல்லாம் சரியாகிவிடும் என்றார். பிறகு, "சரிதானே? சரிதான்" என்று அவரே முடித்துக்கொண்டு உள்ளே போனார்.

மௌனம் சம்மதம் என்று எந்தக் காலத்திலோ யாரோ சொல்லிவைத்தார்கள். அப்படிச் சொன்னவர் வீட்டிலும் யாரையும் பேசவிட்டிருக்க மாட்டார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

*

புதிதாக வேலைக்கு வந்த டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைக்கிற முதல் சொத்து அறிவுரை. கேட்காமலே கிடைக்கும். பரீட்சை முடியும்வரை சிரிக்காதே என்றார் ஓவிய வாத்தியார். சிரித்தால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்களாம். அவர் சிரித்து யாருமே பார்த்ததில்லை, ஆனாலும் அவர் வகுப்பில்தான் காகித அம்புகள் அதிகம் பறந்தன. கரும்பலகையோடு பேசாதே, பிள்ளைகளைப் பார்த்துப் பேசு என்றார் இன்னொருவர். அது நல்ல யோசனை. சத்தம் போடுகிற பெஞ்சைப் பார்த்துக் கத்தாதே, பேசிக்கொண்டே அந்தப் பெஞ்சுப் பக்கம் போய் நின்றுகொள், தானாக அடங்கும் என்றார் நூலகத்து அம்மா. அதுவும் பலித்தது. முதல் வாரமே எல்லோர் பெயரையும் மனப்பாடம் செய்துவிடு, பெயர் தெரிந்தால் பாதி வகுப்பு கையில் என்றார்கள். செய்துவிட்டாள்.

இவ்வளவு செய்தும் அவள் வகுப்பு கிணற்றில் போட்ட கல்லாகவே கிடந்தது. பிள்ளைகள் தொந்தரவு செய்யவில்லை. பதிலும் சொல்லவில்லை. "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது டீச்சர்" என்று ஒரே ராகத்தில் இழுத்தார்கள். மறுநாள் கேட்டால் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

பக்கத்து வகுப்பு கணக்கு டீச்சருடையது. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இரண்டு வகுப்புக்கும் நடுவே கூரையைத் தொடாத ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும்.

மணியடிப்பதற்கு முன் தண்ணீர்க் குழாயடியில் கணக்கு டீச்சர் அவளைப் பிடித்துக்கொண்டாள். பாட்டிலை நிரப்பியபடி, ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று ஆரம்பித்தாள். அப்படி ஆரம்பித்தால் கோபம் வருகிற விஷயம்தான் வரும் என்பது டீச்சருக்குத் தெரியும்.

"தடுப்புக்கு அந்தப் பக்கம் எனக்கு உங்க குரல் மட்டும்தான் கேக்குது. கேள்வியும் நீங்கதான், பதிலும் நீங்கதான். பிள்ளைங்க வந்திருக்காங்களான்னே ஒருநாள் எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு."

டீச்சருக்கு முகம் சூடாகிவிட்டது. அவர்கள் வாயைத் திறப்பதில்லையே, நான் என்ன செய்ய என்றாள்.

"திறக்கறதுக்குள்ள நீங்க சொல்லிடறீங்க. ஒரு மூச்சு விட நேரம் குடுக்க மாட்டேங்கறீங்க. நானும் முதல்ல இப்படித்தான் இருந்தேன். கேள்வி கேட்டதும் வகுப்பு அமைதியாயிடும் பாருங்க, அது பயமா இருக்கும். நமக்குப் பாடம் தெரியலையோன்னு நெனச்சுடுவாங்களோன்னு இருக்கும். அந்தப் பயத்துலதான் நாமே சொல்லிடறோம்."

"அப்ப என்ன பண்றது?"

"கேட்டுட்டு ஜன்னல் பக்கம் போயிடுங்க. வெளியில ஏதாவது ஒண்ணை முழுசா பாருங்க. பாத்து முடிக்கற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க."

மணி அடித்துவிட்டது. பாட்டிலை மூடிக்கொண்டே கணக்கு டீச்சர் இன்னொன்றும் சொன்னாள். 'புரிஞ்சுதா' என்பது கேள்வியே இல்லை, அதற்கு ஒரே பதில்தான் உண்டு, அதைக் கேட்டு யாருக்கும் பிரயோஜனம் இல்லை என்றாள்.

*

இரண்டாவது பாடவேளைக்குத் தலைமையாசிரியை வந்தார். குடை இல்லை. கடைசி பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டார்.

மேகம் விலகி வெயில் வந்திருந்தது. ஜன்னல் வழியாக இறங்கின வெளிச்சப் பட்டையில் சாக்பீஸ் தூள் மிதந்துகொண்டிருந்தது. டீச்சருக்குக் காலைக் கனவு ஞாபகம் வந்து, இது அதன் மிச்சமோ என்று தோன்றியது.

தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டாள்: "ராத்திரி நாம ரோட்டுல நடந்து போறோம். நிலாவும் கூடவே வருது. நாம நின்னா அதுவும் நிக்குது. ஏன்?"

அமைதி.

வழக்கமாக இந்த இடத்தில்தான் அவள் வாய் தானாகத் திறக்கும். அன்றும் திறந்துவிட்டது. அதை மூடிக்கொண்டு, கையில் சாக்பீஸை இறுக்கிக்கொண்டு, ஜன்னல் பக்கம் நடந்தாள்.

எதிர் மாடியில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பெரிய வெள்ளைப் போர்வை ஒன்றை உதறிக் கயிற்றில் போட்டாள். காற்று அதற்குள் புகுந்து அதை வயிறு போல ஊத வைத்தது. பிறகு மெல்லத் தட்டையானது. மறுபடி ஊதிற்று. பெண் இன்னும் கிளிப் மாட்டவில்லை. அவள் கிளிப் மாட்டும்வரை பேசுவதில்லை என்று டீச்சர் தன் மனசோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டாள். அந்தப் பெண்ணோ கிளிப்பை வாயில் கடித்துக்கொண்டு வேறெதையோ பார்த்து நின்றுவிட்டாள்.

தலைமையாசிரியை பேனாவை உருட்டுகிற சத்தம் கேட்டது. டீச்சரின் காதுக்குள் அவளுடைய இதயமே நடந்து போகிற மாதிரி இருந்தது. ஓடிப்போய் விடையைச் சொல்லித் தொலைத்துவிடலாம் என்று கால் துறுதுறுத்தது. போர்வை ஊதியது, தணிந்தது, ஊதியது.

"டீச்சர்."

மூன்றாவது பெஞ்சில், தலையில் நீல ரிப்பன் கட்டின பெண். குரலில் நிஜமான கவலை இருந்தது.

"நாங்க சும்மா இருந்தா நீங்களே சொல்லிடுவீங்களே. இன்னிக்கு ஏன் சொல்லல?"

தலைமையாசிரியைக்கு முன்னால் இதைவிட நல்ல நற்சான்று எந்த டீச்சருக்கும் கிடைத்திருக்காது. டீச்சருக்குத் தரை நழுவிற்று. ஆனால் ஆச்சரியமாக, சிரிப்பும் வந்துவிட்டது. ஓவிய வாத்தியார் மன்னிக்க வேண்டும்.

"இன்னிக்கு நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன்" என்றாள்.

நீல ரிப்பன் யோசித்தாள். "ராத்திரியில ரோட்டுல வேற யாரும் இல்லல்ல, அதனால துணைக்கு வருது."

தப்பு என்று சொல்ல வாய் துடித்தது. டீச்சர் மறுபடி போர்வையைப் பார்த்தாள். "ம், அப்புறம்?" என்றாள்.

முன்வரிசையில் ஒருத்தி அது எப்படி என்று கிளம்பினாள். அவளும் அக்காவும் தெருமுனையில் பிரிந்து எதிரெதிராகப் போனார்களாம். இரண்டு பேர் கூடவும் நிலா வந்ததாம். அப்படியானால் இரண்டு நிலாவா என்று ஒருவன் கேட்டான். வகுப்பு விழித்துக்கொண்டது. பஸ்ஸில் போனால் பக்கத்து மரமெல்லாம் பின்னால் ஓடுகிறது, தூரத்து மலை மட்டும் ஓடுவதில்லை என்றது ஜன்னலோர பெஞ்சு. மலை மெதுவாக ஓடும், நீ கவனித்திருக்க மாட்டாய் என்றது அதன் பக்கத்துத் தலை. சிறிது நேரம் சண்டை. டீச்சர் அதற்குள் தலையிடவில்லை.

கடைசியில் நீல ரிப்பனே எழுந்தாள். யாரோ தோளைத் தட்டி எழுப்பின மாதிரி அவள் கண் விரிந்திருந்தது. "டீச்சர், அது கூட வரல. ரொம்ப ரொம்ப தூரத்துல இருக்கு. நாம எவ்வளவு நடந்தாலும் அதுக்கு அது நடையே இல்ல. அதனால வர்ற மாதிரி இருக்கு."

டீச்சர் அந்த விடையைக் கரும்பலகையில் அப்படியே எழுதினாள். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கணக்கு வகுப்பு சத்தமில்லாமல் இருந்தது. அவர்களும் நிலாவைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

வகுப்பு முடிந்து நடைவழியில் தலைமையாசிரியை நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நடுவுல ரொம்ப நேரம் ஜன்னலையே பாத்துட்டு நின்னீங்களே, அங்க என்ன இருந்துது?"

"துணி காஞ்சிட்டிருந்துது மேடம்" என்றாள் டீச்சர். உண்மையைத் தவிர வேறு எதுவும் அகப்படவில்லை.

தலைமையாசிரியை தலையாட்டினார். வேலை நிரந்தரமாவதைப் பற்றித் திங்கட்கிழமை அறைக்கு வந்து பேசச் சொன்னார். நாலு அடி போய்விட்டுத் திரும்பி, சின்ன வயதில் நிலா தன்னோடு மட்டும்தான் வருகிறது என்று நினைத்திருந்ததாகச் சொல்லிவிட்டுப் போனார். அது பாராட்டா, புகாரா என்று டீச்சருக்குப் புரியவில்லை. எனக்கும் இன்னும் தெரியாது.

*

சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது தெருவில் மழைநீர் குட்டை குட்டையாகத் தேங்கிக் கிடந்தது. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வானம். டீச்சர் அவற்றைத் தாண்டித் தாண்டிப் பாதித் தூக்கத்தில் நடக்கிறவள் மாதிரி வந்தாள். மனசில் சந்தோஷம் நிறைந்திருந்தது. நீல ரிப்பனின் குரல் மட்டும் விடாமல் கூடவே வந்தது.

நாங்க சும்மா இருந்தா நீங்களே சொல்லிடுவீங்களே.

கடைத்தெரு திருப்பத்தில் அவள் கால் நின்றுவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை. வாசலில் பெட்டியோடு ரேடியோ. கதவைத் திறந்ததும் தான் என்ன கேட்டோம்? "என்னடி, திடுதிப்புனு? அவர்கூட சண்டையா?" அவள் வாயைத் திறப்பதற்குள், "சண்டைதான், முகத்தப் பாத்தாலே தெரியுதே. எந்த வீட்டுல இல்ல? நாலு நாள் இருந்துட்டு கோபம் ஆறினதும் போ" என்று தானே சொல்லியாகிவிட்டது. ரேடியோ அவளைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "ம்" என்றாள்.

உள்ளே வந்து கணவரிடம், சின்னச் சண்டை என்று சொன்னவளும் டீச்சர்தான். அவர் அதைப் போனில் சொந்தக்காரர்களுக்குச் சொன்னார். நான் அதை உங்களுக்கு எழுதினேன். யாருமே ரேடியோவின் வாயிலிருந்து கேட்கவில்லை. சண்டை என்ற சொல்லே அவளுடையது இல்லை.

ஒரு வாரமாக இந்த வீட்டில் எல்லோரும் அவளிடம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, நன்றாக இருக்கிறாயா. எல்லாம் 'புரிஞ்சுதா' மாதிரியான கேள்விகள். எல்லாவற்றுக்கும் ஒரே ராகத்தில் பதில். நாளைக்குக் காலை பஸ்.

மீதித் தூரத்தை அவள் குட்டைகளைத் தாண்டாமல் மிதித்துக்கொண்டே வந்தாள்.

*

கடையில் விளக்குப் போட்டிருந்தது. வாடிக்கையாளர் யாரும் இல்லை. உள்ளறையில் கணவர் வில்லை தேய்க்கிற சக்கரம் விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. ரேடியோ உயரமான நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடி ஃபிரேம்களை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். கட்டின பெட்டி வாசல் ஓரமாக இருந்தது. அலமாரியில் இருந்த அத்தனை கண்ணாடிகளிலும் விளக்கு சின்னச் சின்னதாக எரிந்தது.

டீச்சர் பையைக் கீழே வைத்துவிட்டு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். நல்லா இருக்கியா என்று கேட்க நாக்கு புரண்டது. அதை விழுங்கிவிட்டு அன்றைய வகுப்பைப் பற்றிச் சொன்னாள். நிலா, துணைக்கு வருவது, தெருமுனையில் பிரிந்த அக்கா தங்கை, பஸ், மலை. விடையை மட்டும் சொல்லவில்லை.

ரேடியோ துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். "ரொம்ப தூரத்துல இருக்கறது கூடவே இருக்கற மாதிரிதான் அண்ணி இருக்கும்" என்றாள்.

ஒரு வாரத்தில் அவள் சேர்ந்தாற்போல் பேசின முதல் வாக்கியம் அது.

டீச்சர் ஸ்டூலை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "அன்னிக்கு வாசல்ல சண்டைன்னு நான்தான் சொன்னேன். நீ சொல்லல. உன்ன நான் சொல்லவே விடல. என்ன ஆச்சு?"

கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

எதிர்ப்பக்கத்துக் கடைக்காரர் கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து வந்து பொருத்திக்கொண்டிருந்தார். நிதானமான ஆள். ஒரு பலகை. போய் இன்னொரு பலகை. இடையில் நின்று வானத்தைப் பார்த்தார். காலையில் வகுப்பில் இருந்த அமைதி ஒன்றுமே இல்லை, இதுதான் அமைதி என்று டீச்சருக்குத் தோன்றியது. சொல்லு என்று தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அவர் உன்னை ஏதாவது சொன்னாரா, அவர் வீட்டில் யாராவது ஏதாவது செய்தார்களா என்று ஒரு பத்துப் பதில் நாக்கு நுனியில் வரிசையில் நின்றன. ஒன்றையும் வெளியே விடவில்லை.

உள்ளறையில் சக்கரத்தின் சத்தம் குறைந்து குறைந்து நின்றது.

"சண்டையே இல்ல அண்ணி" என்றாள் ரேடியோ.

எதிரே இன்னொரு பலகை ஏறியது.

"வீட்டுல சண்டை போட யாரும் இல்ல. அவர் மழைக்காலம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போயிட்டார். வேலை விஷயமா வெளியூர்னார். சட்டை எல்லாத்தையும் எடுத்துட்டுப் போனார். அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

டீச்சர் திரும்பவில்லை. திரும்பினால் பேச்சு நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது.

"நீங்க போன் பண்ணி எங்க அவர்னு கேப்பீங்க. குளிக்கிறார்னு சொல்வேன். தூங்கறார்னு சொல்வேன். இப்பத்தான் வெளியில போனார்னு சொல்வேன். சொல்லிச் சொல்லி, சில நாள் எனக்கே குளிக்கற சத்தம் கேக்கும் அண்ணி. தண்ணி விழற சத்தம். எழுந்து போய்க்கூடப் பாப்பேன். ரெண்டு தட்டு வெப்பேன். ஒருநாள் ரெண்டையும் கழுவும்போது, ஒண்ணு சுத்தமாவே இருக்குன்னு பாத்தேன். அன்னிக்குத்தான் பெட்டிய எடுத்துட்டு வந்துட்டேன்."

அப்போதுதான் டீச்சர் திரும்பினாள். ரேடியோ அழவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். டீச்சர்தான் அழுதாள். எழுந்து போய் நாற்காலியோடு சேர்த்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

திரையை விலக்கிக்கொண்டு அண்ணன் வந்து நின்றார். கை முழுவதும் தேய்த்த கண்ணாடியின் வெள்ளைத் தூள். அதெப்படி, நேற்றுக்கூடப் பேசினேனே, வீட்டில்தான் இருக்கிறேன் என்றாரே என்று ஆரம்பித்தார்.

"அவர் வாயால அப்படிச் சொன்னாரா?" என்று கேட்டாள் டீச்சர்.

அண்ணன் சொன்னதாகத்தான் சொல்ல வந்தார். பிறகு நின்றார். நேற்று தான் பேசினதைத் தனக்குள் ஓட்டிப் பார்த்தார். என்ன மாப்பிள்ளை, வீட்டுலதானே இருக்கீங்க, இருப்பீங்க, நாளன்னிக்கு அழைச்சிட்டு வரேன், உங்களுக்கும் வருத்தம் இருக்கும், எல்லாம் சரியாயிடும். இத்தனையும் தன் குரல்.

"அவர் 'ம்'னார்" என்றார் மெதுவாக.

அண்ணனுக்குக் கோபம் முகத்தில் ஏறி இறங்குவது தெரிந்தது. இப்போதே போய் அந்த ஆளைத் தேடிப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தார், இரண்டு தடவையும் தங்கையின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். பிறகு வாசலுக்குப் போய், கட்டி வைத்திருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து உள்ளறையில் வைத்தார். திரும்பி வந்தபோது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தார். மாப்பிள்ளை.

நாளைக்கு இவர்கள் வந்து பூட்டின கதவைப் பார்க்கக் கூடாதென்றால் அவர் இன்றைக்கே கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும். அண்ணனின் கட்டைவிரல் பழக்கத்தில் பச்சைப் பொத்தானுக்குப் போயிற்று. தங்கையின் வீட்டு விஷயம் என்றால் இதுவரை அவர்தான் எடுத்திருக்கிறார், அவர்தான் பேசியிருக்கிறார், அவர்தான் முடித்திருக்கிறார்.

விரல் அங்கேயே நின்றது.

பிறகு அவர் ஸ்டூலை இழுத்து, உயரமான நாற்காலிக்கு எதிரே, தினமும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார். போனைத் தங்கையின் முன்னால் நீட்டினார். வருகிறவர்களிடம் வில்லையை மாற்றிப் போட்டுக் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"நான் பேசட்டுமா, நீ பேசறியா?"

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. கடையில் யார் வந்தாலும் பதில் வரும்வரை காத்திருக்கிற மனிதர் அவர். தங்கைக்காகக் காத்திருந்தது இதுதான் முதல் தடவை.

ரேடியோ கையிலிருந்த ஃபிரேமைக் கீழே வைத்தாள். போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

"எங்க இருக்கீங்க?" என்றாள்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. குளிக்கிறார், தூங்குகிறார், இப்போதுதான் வெளியே போனார் என்று இத்தனை நாளும் ஊருக்கெல்லாம் அவருக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள், இன்றைக்கு ஒரு வார்த்தை எடுத்துக்கொடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். எதிர்க்கடைக்காரர் கடைசிப் பலகையைப் பொருத்திப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். கூரைகளுக்கு மேலே நிலா வந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு, போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவர் சொல்லட்டும் என்று அவள் காத்திருந்தாள்.